மதிலை ஒட்டிய சதுரங்கள்

சதுரங்கள் அச்சிட்ட ஒரு கண்ணாடித்தாளை மெப் அக்கா கொழும்பு வரைபடத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னலில் ஒட்டியிருந்தார். முற்றத்தைப் பார்த்த ஜன்னல் அது. யுத்த காலத்தில் துறைமுகம் தெரியும் வரைபடத்தைத் தெருவுக்குக் காட்டி ஒட்டுவதற்கு எவருக்கும் பைத்தியமில்லை. பின்னாலிருந்து வெயில் விழும்போது ஒழுங்கைகள், கால்வாய்கள், மதில்கள் எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டு நிற்கும்.

பத்திரிகை வேலையை விட்டபின் அந்த அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். மழைக்கு முன்னர் நகரத்தின் எந்தக் கான்களை, அதாவது தெருவோர வடிகால்களை, முதலில் வெட்டித் துப்புரவாக்குவது என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் அங்கே நடந்த வேலை. தமிழ் அறிக்கைகளை எழுதுவதும் இடப்பெயர்களைச் சரிபார்ப்பதும் என் பங்கு. மெப் அக்கா (வரைபடத்தோடேயே இருந்ததால் அலுவலகம் வைத்த பெயர் அது) தரவுத்தளத்துக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்துக்காரர்; வெள்ளவத்தையில், கால்வாய் வளையும் இடத்திலிருந்த குறுகிய ஒழுங்கையொன்றில் தாயுடன் குடியிருந்தார். நகரத்தின் ஒவ்வொரு வீடும் கானும் அவருடைய கணினியில் கோடுகளால் ஆன உருவங்களாக இருந்தன. ஆனால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று கணக்குப் பார்க்க, கோடுகள் உதவாது. அவற்றைச் சம அளவான சதுரங்களாக மாற்ற வேண்டும்.

பத்திரிகைப் படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் முகம் மறைந்து புள்ளிகள் மட்டுமே தெரியும். அதுபோலவா என்று கேட்டேன்.

"ஓம், அதேதான் பேப்பர்காரர். ஆனா உங்கட புள்ளிக்குள்ள ஆரும் குடியிருக்கிறேல்லை" என்றார்.

ஒரு சதுரத்தால் ஒரு பதிலைத்தான் சொல்ல முடியும்: வீடு, தண்ணீர், தெரு. இவற்றில் இரண்டு ஒரே சதுரத்துக்குள் வந்தால், அதன் நடுப்புள்ளி எதன்மேல் விழுகிறதோ சதுரம் அதற்கே சொந்தம். இதற்கு ஒரேயொரு விலக்கு இருந்தது. துறைமுகம் போன்ற பாதுகாப்பு வலயத்தின் விளிம்பு ஒரு சதுரத்தைத் தொட்டாலே போதும், அந்தச் சதுரம் முழுவதையும் வெறுமையாக விட வேண்டும் என்பது உத்தரவு.

முதல் அச்சுப்பிரதியில் இடப்பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, நகரின் வடக்கே, முகத்துவாரம் பகுதியில் ஓர் இடம் வெள்ளையாக இருப்பதைக் கண்டேன். எனக்குத் தெரிந்த இடம். பத்திரிகையில் இருந்த காலத்தில் வெள்ளச் செய்தி எழுதப் போய், முழங்காலளவு தண்ணீரில் அங்கே நின்றிருக்கிறேன். துறைமுக மதிலை ஒட்டி ஒரே வரிசையாக வீடுகள். இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண், பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, கட்டிலின் நான்கு கால்களுக்கும் கல் வைத்துக்கொண்டிருந்தார். மதிலோரக் கான் அடைத்துப்போனதால் வந்த வெள்ளம் அது. வரைபடத்தில் இப்போது அந்த வீடுகள் இல்லை. வீடுகள் இல்லாத இடத்தில் கான் வெட்ட எவரும் ஆள் அனுப்பப் போவதில்லை.

மெப் அக்கா கணினியில் தேடினார். கோட்டு உருவங்களில் வீடுகள் அத்தனையும் இருந்தன. சதுரமாக்கியபோதுதான் காணாமல் போயிருந்தன. வலயத்தின் விளிம்பான மதில் ஓடிய சதுரங்களின் மறுபாதியில் அவை இருந்ததால், மதிலோடு சேர்த்து அவையும் வெறுமையாகிவிட்டன.

சதுரங்களைச் சிறிதாக்கினால் தீருமே என்றேன். அதற்குப் பாதுகாப்புத் தரப்பின் சம்மதம் வேண்டும். அதிகாரியொருவர் வந்தார். அச்சுப்பிரதியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "என்ன மிஸ், எங்கள் மதில் இவ்வளவு தடிப்பா?"

"மதில் தடிப்பில்லை சேர். எங்கள் சதுரம்தான் தடிப்பு."

அவர் சிரித்தார். ஆனால் சிறிய சதுரத்துக்கு மறுத்துவிட்டார். மதில் எங்கே வளைகிறது, காவற்கூண்டு எங்கே துருத்துகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும் என்றார். அவர் பக்கத்தில் அது நியாயம்தான்.

அவர் போனபின் மெப் அக்கா ஜன்னலடியில் நெடுநேரம் நின்றார். பிறகு ஒட்டுநாடாவைப் பிரித்து, கண்ணாடித்தாளை விரலால் மெல்ல நகர்த்தினார். வீடுகள் இருந்த பகுதியில் மதில் நேராகவே ஓடியது. தாள் சற்று நகர்ந்ததும், ஒரு சதுர வரிசையின் விளிம்பு மதிலைத் தொடாமல், மதிலுக்கும் வீடுகளுக்கும் இடையில் வந்து படிந்தது. மதில் ஒரு பக்கம், வீடுகள் மறு பக்கம்.

"சதுரம் எவ்வளவு பெரிசு எண்டு சொல்லிப்போட்டினம். முதல் சதுரம் எங்கை தொடங்க வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

அதே சதுரம், அதே உத்தரவு. அதிகாரி புதிய பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல எதுவுமில்லை. கையெழுத்திட்டார்.

நகரம் முழுவதற்கும் ஒரே சதுர வலைதான். ஓரிடத்தில் நகர்த்தினால் எல்லா இடத்திலும் நகரும். எங்கே என்ன மாறியது என்று மறுநாள் முழுவதும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த மெப் அக்கா திடீரென்று, "பேப்பர்காரர், இஞ்சை வாங்கோ. நான் கால்வாய்க்குள்ள விழுந்திட்டன்" என்றார். போய்ப் பார்த்தேன். வெள்ளவத்தையில் அவருடைய ஒழுங்கை இருந்த சதுரத்தின் நடுப்புள்ளி இப்போது கால்வாயின்மேல் விழுந்திருந்தது. வீடுகள் தண்ணீராகியிருந்தன. வலையை இன்னும் சற்று நகர்த்திப் பார்த்தார். ஒழுங்கை கரையேறியது, முகத்துவாரத்து வீடுகள் மறுபடியும் மதிலுக்குள் போயின.

அவருடைய தாய் இருந்தது கீழ்மாடி என்பது எனக்குத் தெரியும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கட ஒழுங்கைக்காரர் மாநகரசபைக்கு ஃபோன் எடுத்துச் சண்டை பிடிக்கத் தெரிஞ்ச ஆக்கள். மதிலடியில இருக்கிறவை ஃபோன் எடுத்தால் ஆர் கேக்கிறது?" என்று சொல்லிவிட்டு வலையைப் பழையபடி மதிலோடு பொருத்தினார். அது தியாகம் செய்பவரின் முகமல்ல. கணக்கொன்றின் விடை சரிதானா என்று பார்க்கக் காத்திருப்பவரின் முகம்.

இன்று மெப் அக்கா வேறொரு நாட்டில் இருக்கிறார். உருவங்களைச் சதுரங்களாக்கும் வேலையைத் தரவுத்தளம் ஒரே கட்டளையில் செய்துவிடுகிறது. முதல் சதுரத்தை எங்கே தொடங்குவது என்பதையும் அதனிடமே விட்டுவிடலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த ஆண்டு மழை பலமாகப் பெய்தது. மறுநாள் முகத்துவாரத்துக்குப் போனேன். மதிலோரக் கான் வெட்டப்பட்டு, தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இடியப்பம் விற்கும் பெண்ணின் கட்டில் கால்களுக்குக் கீழே கல் இல்லை. "இந்தத் தடவை ஏன் வந்து வெட்டுனாங்கன்னு தெரியல தம்பி. எலெக்‌ஷன் ஏதும் வருதோ?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மெப் அக்கா அப்போதுதான் வந்திருந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "அம்மா கதிரையில காலைத் தூக்கி வச்சுக்கொண்டு என்னைத் திட்டுறா. ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில ஃபோன் எடுத்தால் லைன் கிடைக்காது எண்டதை நான் கணக்கில எடுக்கேல்லை" என்றார். முகத்துவாரத்துப் பெண் கேட்டதைச் சொன்னேன். மேசையில் தலை சாய்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தொலைபேசியை இழுத்து, இன்னொருமுறை மாநகரசபையின் இலக்கத்தைச் சுழற்றினார்.