மூன்று வருடம் கழித்து வந்தவர்

“...சாமான் வாங்கிட்டு வரேன்னு சீமைக்குப் போன தலைவன், திரும்பி வர மூணு வருஷம் ஆயிருச்சு தம்பி. வந்து பார்த்தா குடியிருப்பே காலி லா! மரத்துல ஒரு தீவோட பேரு மட்டும் செதுக்கியிருந்துச்சாம்.”

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குடியேறி, மாயமாய்ப் போன ஆங்கிலேயர்களின் கதை இது. லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன் கைப்பேசியில் பார்த்தாராம். மலேசியாவில் செமிலிங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கோவிலில் இன்று திருவிழா. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து வெகுகாலமாகிவிட்டது. சிதறிய சனமெல்லாம் வருடத்தில் இந்த ஒருநாள்தான் இங்கே கூடுகிறது. வழிப்போக்கனான நானும் அன்னதானப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு சுவாரசியத்தில் ரசம் ஆறுகிறது.

“அவனுக்காவது ஒரு பேரு கிடைச்சுச்சு. நான் தீபாவளிக்கு வந்துர்றேன்னு எங்கக்காகிட்ட சொல்லிட்டு சிங்கப்பூர் போனவன். மூணு வருஷம் கழிச்சு வர்றேன், லயமும் இல்ல, அக்காவும் இல்ல. ரப்பரை வெட்டிட்டு செம்பனை நட்டுட்டானுங்க. எந்த மரத்துல தேடுறது?”

“யாரையும் கேக்கலையா அண்ணே?”

“கேக்காமலா? ஒருத்தர் வடக்க ஜித்ராங்கிறாரு, ஒருத்தர் தெக்க ஜொகூருங்கிறாரு.”

வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. “பந்தியில பாதியில எந்திரிக்கலாமாண்ணே?” என்று பரிமாறுகிறவர் அதட்டியும் கேட்காமல், அண்ணன் எச்சில் கையோடு ஓடிப்போய், இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்க்கிறார்.