சேலத்தில் எடுத்த பாப்பா

எங்கள் பெரியம்மா போலீஸில் சேராமல் போனது தாம்பரத்துக்குப் பெரிய நஷ்டம். முடிச்சூரில் எங்கள் நெல் வயல் இருந்த இடத்தில் வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். குடிவர நினைப்பவர்களை அவள் விசாரிக்கிற விசாரணையில் பாதிப் பேர் வீட்டைக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள்.

வெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் மாடிக்கு ஓர் அண்ணனும் அக்காவும் குடிவந்தார்கள். அண்ணன் காட்டாங்குளத்தூரில் காலேஜ் பஸ் ஓட்டினார். அவர்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளாகக் குழந்தை இல்லை. ஒரு நாள் இருவரும் வெளியூர் போய், ஒரு வயசுப் பெண் குழந்தையோடு திரும்பினார்கள். வயிறும் இல்லை, வளைகாப்பும் இல்லை. பெரியம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

"ரெண்டும் அட்டக்கரி. கொழந்த மட்டும் எப்டிடி எலுமிச்சம்பழமாட்டம் கீது?" என்றாள் என்னிடம். எனக்கு அப்போது பத்து வயசு. அவளுடைய ஒரே கான்ஸ்டபிள் நான்தான்.

அவளையும் குறை சொல்ல முடியாது. எதிர் மளிகைக் கடைக்காரரின் மகன், நான் பிறப்பதற்கு முன்பே, தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்தில் காணாமல் போனவன். யாரோ தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு; கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் இல்லை. அதனால் தெருவில் புது முகம் தெரிந்தாலே எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். போதாததற்கு, பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வேறு ஒரே பேச்சு.

பெரியம்மா ஒரு கிண்ணம் கேசரியைக் கொடுத்து என்னை மாடிக்கு அனுப்பினாள். "பாப்பா எந்த ஊருக்கா?" என்று கேட்டேன். அக்கா குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டே, "சேலத்துல எடுத்தோம்டி," என்று சிரித்தாள்.

கீழே வந்து அப்படியே ஒப்பித்தேன். எங்கள் வீட்டில் 'எடுத்தான்' என்றால் திருடினான் என்று அர்த்தம். மார்க்கெட்டில் பெரியம்மாவின் பர்ஸை ஒருத்தன் 'எடுத்தான்'. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டென்று எனக்கு எங்கே தெரியும்?

"அவ வாயாலயே ஒத்துக்கினா பாரு!" என்று பெரியம்மா நேராக மளிகைக் கடைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கடைக்காரரும் தெருக்காரர்களும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அண்ணன் இறங்கி வந்தார். அவர் பின்னால் குழந்தையை இறுக்கிக்கொண்டு அக்கா. யாரோ அண்ணனின் சட்டையைப் பிடித்தார்கள். எனக்குத் திருடனைப் பிடித்துவிட்டோம் என்று ஒரே குஷி.

"தத்து எடுத்தோம்ண்ணே. கோர்ட் ஆர்டர் கீது," என்றார் அண்ணன். "எங்க குடிபோனாலும், நாங்க இன்னா ஆளுங்கன்னு தெரிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நிலையா ஒரு வூடு இல்லாதவங்களுக்குக் கொழந்தைய எப்டி தருவாங்க? எத்தினி வருஷம் அலஞ்சோம் தெரியுமா?"

சட்டையைப் பிடித்த கை விலகியது. பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம் தீர்ந்த கையோடு இன்னொன்று முளைத்துவிட்டது; குடிவந்த அன்று அவள் கேட்ட ஜாதிக் கேள்விக்கு அண்ணன் மழுப்பியிருந்தார்.

எல்லோரும் கலைந்தார்கள். கடைக்காரர் மட்டும் நகரவில்லை.

"பாப்பாவோட அப்பா அம்மா?"

"தெரியாதுண்ணே. பஸ் ஸ்டாண்டுல கெடச்சுதாம். பேப்பர்ல போட்டோ போட்டாங்களாம், யாரும் வரல."

"அந்தப் பேப்பரு எல்லா ஊருக்கும் போவுமா? பெத்தவங்க கண்ணுல படலைன்னா?" என்று கேட்டார் கடைக்காரர்.

அக்கா குழந்தையின் முகத்தைத் தோளில் மறைத்துக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

அதற்குப் பிறகு கடைக்காரர் தினமும் பாப்பாவுக்கு பிஸ்கட் கொண்டுவந்து மாடிக் கதவைத் தட்டுவார். அக்கா திறக்க மாட்டாள். பாவம், அவர் பிஸ்கட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போவார். பெரியம்மா காலி செய்யச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவர்கள் எங்கே போகிறோமென்று சொல்லாமல் போய்விட்டார்கள். சட்டையைப் பிடித்த தெருவுக்கும், ஜாதி கேட்ட பெரியம்மாவுக்கும் அசராமல் நின்ற அக்கா, பிள்ளையைத் தொலைத்த ஒரு மனிதருக்கு மட்டும் ஏன் அப்படிப் பயந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.