பாஸ் வாங்கிக் கொடுத்தவள்

பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக கிளார்க்காக இருந்தவளைப் பிள்ளைகள் ‘சீல் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டு, அப்புறம்தான் சீல் குத்துவாள்.

பள்ளிக்குப் பின்னாலிருந்த நாலு மாடிக் குடியிருப்பில் தூண்கள் விரிசல் விட்டன. எல்லாரையும் காலி செய்ய வைத்து, ஊரின் மறுகோடியில் ஒரு பழைய லாட்ஜில், அறைக்கு ஒரு குடும்பமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கு ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரவேண்டும். டிக்கெட்டுக்கு வழியில்லாமல் முதல் வாரமே முப்பத்தொரு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

இலவச பஸ் பாஸுக்கு நிலையான முகவரி வேண்டுமாம். லாட்ஜ் அறை எண் செல்லாதாம். சீல் அக்கா விடவில்லை. நாலு முறை லாட்ஜுக்குப் போய், ஈரத்துணி தொங்கும் நடைவழியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படிவங்களை நிரப்பினாள். போக்குவரத்து அலுவலகத்தில் “நாளைக்கு வாங்க” என்ற ஆளிடம், “நாளைக்கு நீங்க இருப்பீங்க, நானும் இருப்பேன். இதுங்க படிப்பு இருக்குமா?” என்று கேட்டுவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் முப்பத்தொரு பாஸும் கைக்கு வந்தன.

பிள்ளைகள் முதன்முதலாகப் பாஸில் வந்த காலையில், பள்ளி வாசல் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். சும்மா பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாலும், இருந்ததில் நல்ல புடவையைத்தான் கட்டியிருந்தாள். பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கின. இறங்கியதும் எல்லாம் திரும்பி, படியில் நின்ற பெண் கண்டக்டரைப் பார்த்துக் கத்தின: “அத்தை! சாயங்காலம் ஜன்னல் சீட்டு எனக்கு!” “எனக்கு அத்தை, எனக்கு!”

இவளைத் தாண்டித்தான் உள்ளே ஓடின. ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரே நாளில் அத்தையாம்! வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் ஒரு டீச்சர், ‘நமக்கு உதவியவர்’ என்று படம் வரையச் சொன்னார். ஒட்டிய பலகை சீல் அக்காவின் மேஜைக்கு நேர் எதிரே. பார்த்த இடமெல்லாம் தோள்பையும் விசிலுமாகக் கண்டக்டர். ஒன்றில் மட்டும் மூக்குக்கண்ணாடி போட்ட உருவம் இருந்தது. ஆசையாகக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அது டிரைவர்.

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். “அலைஞ்சது நான். பேர் அவளுக்கு.”

“பேருக்கா அலைஞ்ச?” என்றார் அவர்.

“நீங்க சும்மா இருங்க.”

அந்த வாரம்தான், அதுவரை சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு லாட்ஜுக்குப் புதிதாக வந்த அதே குடியிருப்பின் இரண்டு குடும்பங்களிலிருந்து நாலு படிவங்கள் வந்தன. லாட்ஜ் முகவரி இப்போது செல்லும்; ஒரு சீல் குத்தி அனுப்பினால் முடிந்தது. அவள் அவற்றை அடுக்கின் அடியில் செருகினாள். ‘அத்தைதானே எல்லாம், அவளே பார்த்துக்கட்டும்.’ ஒன்பது நாள் அப்படியே கிடந்தன.

பத்தாம் நாள் அந்த நாலு பேரும் வரவில்லை. இடைவேளையில் ஒரு சிறுமி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“செக்கர் ஏறினாரு. பாஸ் இல்லாதவங்களை இறக்கிவிட்டுட்டாரு. நடந்தே லாட்ஜுக்குப் போயிட்டாங்க. டிக்கெட் இல்லாம ஏத்தினதுக்கு அத்தையை வேற ரூட்ல போட்டுடுவாங்களாம்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் சீல் அக்காவுக்கு உள்ளே ஒரு நொடி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை உணர்ந்ததும் பயந்துபோனாள். நடந்தவர்களில் கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயது.

படிவங்களை உருவி, நாலிலும் சீல் குத்தினாள். அரை நாள் லீவு போட்டு, அவற்றைத் தானே கொண்டுபோய்ப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்த்தாள். அங்கிருந்து நேரே டிப்போவுக்குப் போய் மேலாளர் முன் நின்றாள்.

“தப்பு என்னோடது சார். ஒன்பது நாளா நான்தான் அனுப்பாம வெச்சிருந்தேன்.”

“வேலை ஜாஸ்தியா?”

“இல்ல சார்.” அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாள். அதன் நகல் தலைமையாசிரியருக்கும் போனது. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது.

நாலு பாஸும் வந்து சேர்ந்த வாரமே கண்டக்டர் பழைய ரூட்டுக்குத் திரும்பினாள். வந்ததும் அலுவலக ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“நீங்கதானா சீல் அக்கா? டிப்போல சொன்னாங்க.”

சீல் அக்கா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

“ஏன்னு கேட்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஒரு பிள்ளைகூடப் பாஸைத் தொலைக்கல தெரியுமா? ‘சீல் அக்கா தோலை உரிச்சிடும்’னு சொல்லிச் சொல்லிப் பத்திரமா வெச்சிருக்குதுங்க.” சிரித்துவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க சீல் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. தன்னைப் பற்றிய ஒரே நல்ல வார்த்தையும் அவள் வாயிலிருந்தா வரவேண்டும்?

அடுத்த வருஷம் குடியிருப்பைச் சரிசெய்து எல்லாரையும் திரும்பக் குடியேற்றினார்கள். பிள்ளைகள் இப்போது பின்சந்து வழியாக நடந்தே வந்தன. ஒருநாள் காலை நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. இறங்க ஆளில்லை. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலையே பார்த்தாள். வேலைக்கு வந்துகொண்டிருந்த சீல் அக்காவைக் கண்டதும், “பிள்ளைங்க எப்படி இருக்குதுங்க அக்கா?” என்றாள்.

“தினம் பார்க்கிறேன். நல்லா இருக்காங்க” என்றாள் இவள். ‘தினம்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். கண்டக்டரின் முகம் வாடியது. அதைப் பார்த்து இவளுக்கே மனசு கேட்கவில்லை.

“அந்தச் சின்னதுக்கு ரெண்டு பல்லு விழுந்திடுச்சு” என்றாள் மெதுவாக.

“ஐயோ, மேல் பல்லா, கீழ்ப் பல்லா?”

டிரைவர் ஹாரன் அடித்தார். “மேல் பல்லு!” என்று பஸ்ஸோடு நாலு எட்டு நடந்துகொண்டே கத்தினாள் சீல் அக்கா.