நான் முதலில் எழுதப் பழகிய பெயர்

நான் எழுதப் படித்ததே பழிவாங்கத்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையம் மில்லில் மேஸ்திரி மாடசாமி நீட்டிய தாளில் வழக்கம்போல் கைநாட்டு வைத்தேன். வேலையை நானே விடுவதாக அதில் எழுதியிருந்தது, மறுநாள் கேட்டில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. மடவார் வளாகம் கோயில் பக்கம் நடந்த முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். கலெக்டருக்கு மனு எழுத, என் பெயரை எழுதும் முன்பே மாடசாமி பெயரைத்தான் எழுதிப் பழகினேன்.

மனுவை எழுதி முடித்த வாரம் அவனே சிலேட்டோடு வகுப்புக்கு வந்தான்.

"என்னையும் அதே மாதிரி வெளிய தள்ளிட்டாக தாயி. அன்னைக்கு மொதலாளி குடுக்கச் சொல்லி நீட்டுன தாள எனக்கும் வாசிக்கத் தெரியாது."

அவன் மண்டையில் போட ஓங்கிய சிலேட்டைக் கீழே வைத்தேன்.

மனுவில் அவர் பெயரை அடித்து, முதலாளி பெயரை எழுதினேன். அவரும் கையெழுத்துப் போடப் பழகும்வரை அனுப்பாமல் காத்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. சரியான ஆள்மேல்தான் இருக்கிறது என்பதால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.