லாரியில் காய்ந்த பனியன்

எங்கள் அம்மா லேசில் யாருக்கும் ஒரு பிடி சோறு போட்டுவிட மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒருநாள், முன்பின் தெரியாத நெல்லூர் லாரிக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். எனக்கு மயக்கம் வராத குறை.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், ஓர் அரிசி ஆலைக்கு எதிரே எங்கள் வீடு. அப்பாவிடம் சொந்தமாக ஒரு பழைய லாரி இருந்தது. லாரிதான் சொந்தம், வாடகையைச் சொல்கிறவன் புரோக்கர். ஆலைத் தவிட்டை நெல்லூருக்கு யார் ஏற்றிப்போவது என்பதும் அவன் வைத்ததுதான். அவன் விலை வைக்கிற அழகே தனி. தூரக் கணக்கு, டீசல் கணக்கு எதுவும் கிடையாது. பைக்கில் வந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றுவான். கயிற்றில் பனியன் காய்கிறதா, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் எரிகிறதா என்று பார்ப்பான். இரண்டும் இருந்தால், லோடு கிடைக்காமல் ஆள் காத்துக் கிடக்கிறான் என்று அர்த்தம். அங்கேயே வாடகை பாதியாகிவிடும்.

எங்கள் லாரி பட்டறையில் கிடந்த ஒரு வாரத்தில், நெல் இறக்க வந்த அந்த நெல்லூர்க்காரரும் அப்படித்தான் மாட்டினார்.

"இதுக்கு மேல பைசா கெடையாது. நாளைக்கு நீயே என்ன தேடிக்கினு வருவ" என்று சொல்லிவிட்டுப் போனான் புரோக்கர். அவர் முகம் சுண்டிவிட்டது. வேலியோரம் நின்று கேட்ட அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, நேராக லாரிக்கே போய்விட்டாள்.

"இன்னாண்ணா, குடித்தனம் பண்றாமாதிரி துணிய தொங்கவுட்டுக்கினு கீற? அத பாத்துதான் அவன் ரேட்டு சொல்றான். எல்லாத்தையும் கயட்டு."

மறுநாள் காலை அவருடைய துணிகள் எங்கள் கொல்லையில் காய்ந்தன. ஸ்டவ் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அப்பாவின் ரேசரில் முகம் மழித்துக்கொண்டு, புது ஆளாக ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார் அவர். புரோக்கர் பகைத்துக்கொண்டால் தன் பிழைப்பும் போய்விடும் என்று அப்பா மட்டும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. வீரமெல்லாம் அம்மாவின் பொறுப்பு.

புரோக்கர் வந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"காலியாவே ஊருக்குப் போறேன் சார்" என்றார் லாரிக்காரர்.

"போயேன்" என்றான் அவன்.

லாரி நகர்ந்தது. நெல்லூர் வரை போக டீசல் இல்லை என்று முந்தின நாள் சாப்பிடும்போதே அவர் சொல்லியிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அம்மாவோ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு புரோக்கரை முறைத்தபடி நின்றாள்.

"அவன் போனா உனக்கு இன்னாம்மா?"

"எனக்கு இன்னா? மில்லுல தவுடு ரொம்பிக் கெடக்குது. மொதலாளிக்கு நீதான் பதில் சொல்லணும்."

லாரி ஏரிக்கரை வளைவை நெருங்கியபோது புரோக்கர் பைக்கை உதைத்தான். ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் பறந்தான். அன்று முழு வாடகைக்குத் தவிடு ஏறியது. அம்மா ஆலைவரைக்கும் கேட்கும்படி சிரித்தாள்.

வெளியூர்க்காரர் ஒருவர் பாதி வாடகைக்குத் தலையாட்டிவிட்டால், அடுத்த லோடுக்கு அப்பாவுக்கும் அதே பாதிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு ரொம்ப இரக்க மனசு என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.