காவலுக்குப் போன இடத்தில்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. நாங்கள் புதுவாயலில் குடியிருக்கிறோம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் என் கணவருக்கு வேலை. உலையிலிருந்து தெறித்த குழம்பு பட்டு அவர் தோள் வெந்துபோனது. புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. கம்பெனி கேட்டைப் பார்த்தாலே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். தூக்கத்தில் அலறுவார். மாத்திரை கொடுத்துவந்த டாக்டரே, கூடவே பேச்சாலேயே அரைத்தூக்கத்தில் ஆழ்த்திப் பயத்தைத் தணிக்கும் ஹிப்னோதெரபியும் செய்து பார்க்கலாம் என்று திருவள்ளூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

வீட்டில் ஒரே ரகளை. "அது வசியம்க்கா! மயக்கி சொத்த எழுதி வாங்கிடுவாங்க" என்றான் என் தம்பி.

"நம்மகிட்ட இன்னாடா சொத்து கீது?" என்று அவன் வாயை அடைத்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கண்ணை மூடிய மனுஷன் வேறு ஆளாக எழுந்து வந்தால்? நானும் கூடவே உட்காருவேன் என்று அடம்பிடித்தேன். ஆலோசகர் அம்மா சிரித்தார். "அவருக்குச் சம்மதம்னா தாராளமா உக்காருங்க."

திரை போட்ட அறை. மெதுவாகச் சுற்றும் ஃபேன். பிடித்த இடம் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார். "பழவேற்காடு ஏரி... படகுல போய்க்கினு கீறேன்" என்றார் என் கணவர், கண்ணை மூடியபடி. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. "வெதுவெதுன்னு கீது."

நான் கண்ணை அகல விரித்துக் காவல் இருந்தேன். குரல் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. சுவர் மெல்ல விலகியது போலிருந்தது. என் காலடியிலும் தண்ணீர் தளும்பியது. தூரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள். கரை எந்தப் பக்கம் என்று தேடவே தோன்றவில்லை.

யாரோ தோளைத் தொட, விழித்தேன். கன்னமெல்லாம் ஈரம். எதிரே அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் காவல் காக்க வந்துட்டு நீ தூங்கினு கீறியே!"

விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அவர் அப்பவே எழுந்துட்டாரு. உங்களை எழுப்ப வேணாம்னு சொன்னாரு" என்ற அந்த அம்மா, "நீங்க நல்லாத் தூங்கி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன்; கணக்கு விபத்து நடந்த ராத்திரியில் போய் நின்றது.

மாத்திரையும் ஆலோசனையுமாகச் சில மாதங்கள் போயின. இப்போது அதே கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறார். உலைப் பக்கம் போவதில்லை. தம்பி இன்னும் வசியம் என்றுதான் சொல்கிறான். எனக்கு அந்த வாதமெல்லாம் தெரியாது. நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வலி இருக்கிறது என்பதை மட்டும் அந்த அறையில் தெரிந்துகொண்டேன். அதை ஒருவர் கேட்டாலே பாதி பாரம் இறங்கிவிடுகிறது.