மாமன் கட்டாத தலைத்துணி

கடல் எங்கோ தெற்கே கிடக்கிறது. எங்களுக்கு வாய்த்தது கரிசல் காடும் கண்மாயும்தான். கண்மாயிலும் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலம்தான் அலையடிக்கிறது. அப்படியிருந்தும் போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கடல் கொள்ளைக்காரன் இருந்தான். ஆறாம் வகுப்பு படிக்கிற என் மகன். அருப்புக்கோட்டையில் அவன் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் கொள்ளைக் கப்பலின் தலைவன் அவன்தான்.

வாள் அட்டையில் அமைந்துவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடும் கறுப்பு வட்டமும் அப்படியே. தலைத்துணிதான் வம்பு செய்தது. ஒத்திகையில் அவன் "கப்பலைத் திருப்புங்கடா!" என்று கத்தும்போதெல்லாம் அது நழுவி மூக்கில் வந்து உட்கார்ந்தது. கப்பலே சிரித்தது. மேடையேறும் முன் இழுத்துப் பார்ப்பேன், நிற்காவிட்டால் நீ சாதா மாலுமி, வேறு ஒருவன் தலைவன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை.

எந்தக் கதையைப் புரட்டினாலும், எந்தக் கார்ட்டூனைப் போட்டாலும் கடல் கொள்ளைக்காரனுக்கு அந்தத் துணி இருக்கிறது. நெற்றியை இறுக்கிப் பின்மண்டையில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழே காற்றுக்கென்று விட்ட இரண்டு வால். நிஜக் கொள்ளையர்கள் அப்படித்தான் கட்டினார்களா என்பது உறுதியாகத் தெரியாதாம். கதைப் புத்தகத்துக்குப் படம் வரைந்த யாரோ கட்டிவிட்டது, பிறகு சினிமாக்காரர்கள் அவிழ்க்கவே இல்லை என்று எங்கோ வாசித்தேன். வாசித்த நாள் முதல் அந்த ஓவியர்மேல் எனக்குப் பிரியம். அவர் தாளில் போட்டது ஒரே ஒரு முடிச்சு. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள்.

போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளிகள். என் மனைவி ஒரே பார்வையில், "இது நம்ம சுங்குடில்ல? இதுக்கா ஆன்லைன்ல தேடுறீக?" என்று சொல்லிப் பழைய சேலை ஒன்றின் முந்தியைக் கத்தரித்துக் கொடுத்தாள்.

விழா அன்று மத்தியானம் நான் கட்டினேன். நழுவியது. இறுக்கினேன். "தலை வலிக்குதுப்பா" என்றான். தளர்த்தினேன். மூக்கு.

அப்போதுதான் மச்சான் வந்து இறங்கினார். என் மனைவியின் அண்ணன்; திருச்சுழிப் பக்கம் மல்லி யாவாரம். நாடகம் பார்க்க வந்திருந்தார். அவர் தலைத்துண்டு எங்கள் சனத்தில் பேர்பெற்றது. எதிர்காற்றில் காரியாபட்டி வரை பைக்கில் போய் வந்தாலும் அசையாது.

"நல்ல நேரத்துல வந்தீக மச்சான். ஒங்க மருமகனுக்கு இத ஒரு கட்டு கட்டிவிடுங்க."

"அம்புட்டுத்தான?" என்று சிரித்தபடி துணியை முக்கோணமாக மடித்துக்கொண்டு பையனுக்குப் பின்னால் போனார். கைகள் உயர்ந்தன. தலைக்கு மேலே அப்படியே நின்றன. பிறகு மெல்ல இறங்கி, துணியை என் கையில் திணித்தன.

"நான் கட்டக் கூடாது மாப்ள."

"ஏன் மச்சான்?"

"வெவரம் தெரிஞ்சுதான் கேக்குறீகளா?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்களில் தகப்பன் செத்தால், கருமாதியன்று தாய்மாமன் புதுத்துண்டு கொண்டுவந்து மகன் தலையில் உருமா கட்டுவார். மாமன் கை மருமகன் தலையில் துணி சுற்றுவது அன்றைக்குத்தான். நானோ அந்தத் தைக்கு முந்தின ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவன். ஆம்புலன்சில் என் கூடவே வந்தவர் இந்த மச்சான். அடுப்படி வாசலுக்கு என் மனைவி வந்து நின்றாள்.

"இது கொள்ளைக்காரன் கட்டு மச்சான், உருமா இல்ல."

"கொள்ளைக்காரன் கட்டா இருந்தா என்ன, கொத்தனாரு கட்டா இருந்தா என்ன? கட்டுறது மாமன்ல?"

"சும்மா நாடகந்தான மாமா!" என்றான் பையன். குரல் உடைந்துவிட்டது.

"நாடகமோ கீடகமோ. ஒங்கப்பா கல்லுக் கணக்கா முன்னால நிக்கிறாரு. மாட்டேன்னா மாட்டேன்."

சரி, வாயால் சொல்லுங்கள், நான் கட்டுகிறேன் என்றேன். சொன்னார். "மேல ஏத்துங்க... அந்தப் பக்கம் இழுங்க... ஏ, என்ன மாப்ள, வைக்கலா கட்டுறீக?" சொன்னபடியே செய்தேன். சொன்னபடியே நழுவியது. பையனின் மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

மச்சான் அதைப் பார்த்தார். சட்டென்று தரையில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கி, ஒரு காலை மடக்கினார். துணியை வாங்கி முழங்காலில் போர்த்தி இறுக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, முட்டிக்கா வேசம் கட்டுற?" என்றாள் என் மனைவி.

"மண்டை அளவுக்கு இதான் இருக்கு. பேசாம ஊசிநூல எடுத்தா."

முடிச்சு விழுந்தது. மடிப்பு மடிப்பாக அவள் தைத்தாள். "குத்திராத தாயி, குத்திராத" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கழற்றியபோது அது துணியாக இல்லை; குல்லாயாக நின்றது. மருமகனிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார்.

"நீங்க வைங்க."

வைத்தேன். பையன் தலையை ஆட்டினான். குதித்தான். தெருவே திரும்ப, "கப்பலைத் திருப்புங்கடா!" என்று கத்தினான். அசையவில்லை.

பள்ளி வேன் போய்விட்டது. ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். பாளையம்பட்டி தாண்டும்போது பின்னாலிருந்து, மாமா ஏன் மாட்டேன் என்றார் என்று கேட்டான். மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப அந்தக் கொள்ளைக்காரங்க ஒருத்தருக்கும் அப்பா இல்லையாப்பா?"

நான் வாசித்த கடற்கதைகளை எல்லாம் மனசுக்குள் தேடினேன். எந்தக் கொள்ளைக்காரனின் தகப்பனும் எந்தத் துறைமுகத்திலும் வந்து நின்றதாக ஞாபகமில்லை.

"இருந்திருப்பாகடா. கதையில எழுத விட்டுப்போச்சு" என்றேன். அவன் என் இடுப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

டீச்சர் துணியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், இன்னொரு முறையும் இழுத்தார், போ என்றார். மேடையில் என் மகன் நீலச் சேலை அலைகளுக்கு மேல் ஏறி நின்று கத்தினான். வால் இரண்டும் மின்விசிறிக் காற்றில் பறந்தன. யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வந்து சேர்ந்த மனைவியும் மச்சானும் என் பக்கத்தில் இருந்தார்கள். எல்லோரும் கைதட்டியபோது மச்சானும் தட்டினார். தட்டிக்கொண்டே என் காதருகே குனிந்தார்.

"மத்தியான மாத்திரை போட்டீகளா மாப்ள?"

போடவில்லை. அவரே தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தார்.